ஸ்பேனர்களை ஒப்பிடுவது எப்படி: முதலில் வாயைப் பாருங்கள்

எந்தக் கம்பெனி ஸ்பேனர் நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள், எல்லாருமே தங்கள் கையில் இருப்பதைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து நீங்கள் முடிவெடுக்க முடியாது. ஒரே கம்பெனி இரண்டு மூன்று தரத்தில் ஸ்பேனர் விற்கிறது. ஒரே செட்டுக்குள்ளேயே 10-ஆம் நம்பர் (அதாவது 10 மி.மீ. அகலத் தலைக்கான ஸ்பேனர்) கச்சிதமாகவும் 13-ஆம் நம்பர் லொடலொடவென்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, கையில் இருக்கும் ஸ்பேனரை எப்படிச் சோதிப்பது என்று முதலில் சொல்கிறேன். கம்பெனிகளுக்கு அப்புறம் வருகிறேன்.

நான் பேசுவது அன்றாட வேலைக்கான ஸ்பேனரைப் பற்றி. பைக், கார், சைக்கிள், பம்பு, கிரைண்டர், மேசை நாற்காலி, இப்படி 6-ஆம் நம்பரிலிருந்து 19-ஆம் நம்பர் வரைக்கும் போதுமான வேலைகள். லாரி சக்கரம், கப்பல் என்ஜின் எல்லாம் வேறு உலகம்.

ஸ்பேனரின் வேலை ஒன்றுதான், நட்டின் மூலையைக் கெடுக்காமல் அதைத் திருப்புவது. திருப்புவது பெரிய காரியமில்லை, எந்த இரும்புத் துண்டும் திருப்பிவிடும். கெடுக்காமல் திருப்புகிறதா என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வருகிறது. மூலை ஒருமுறை மழுங்கிவிட்டால் அதற்கப்புறம் உலகத்தின் சிறந்த ஸ்பேனரைக் கொண்டுவந்தாலும் அது வழுக்கத்தான் செய்யும். நான் முதன்முதலில் வாங்கிய மலிவான செட்டில் இருந்த 8-ஆம் நம்பரை பிரேக் ஆயில் காற்று எடுக்கும் நிப்பிளில் மாட்டி ஒரு இழு இழுத்தேன், அவ்வளவுதான், ஆறு மூலையும் உருண்டை. நிப்பிள் துருப்பிடித்திருந்தது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஸ்பேனரின் வாய் கொஞ்சம் அகலம் என்பதை வாங்கிய அன்றைக்கே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடச் சோதனை இதுதான்.

ஒரு புது போல்ட் வேண்டும். பழைய போல்ட்டில் வைத்துப் பார்த்தால் எல்லா ஸ்பேனரும் மோசமாகத்தான் தெரியும். எம்6 போல்ட் எடுங்கள், அதாவது மரை உள்ள தண்டு 6 மி.மீ. தடிமன், அதன் தலை 10-ஆம் நம்பர். தலை மேலே இருக்கும்படி வைஸில் இறுக்குங்கள், வைஸ் இல்லையென்றால் கனமான பலகையில் துளை போட்டு அடியில் நட் போட்டு இறுக்கினாலும் சரி. ஸ்பேனரின் வாயை மாட்டி, போல்ட்டின் நடுவிலிருந்து 120 மி.மீ. தள்ளிப் பிடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கீழே ஒரு அட்டையை வையுங்கள். இப்போது ஒரு விரலால் மட்டும் ஸ்பேனரை இந்தப் பக்கம் தட்டும் வரை, அப்புறம் அந்தப் பக்கம் தட்டும் வரை அசைத்து, அந்தக் கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். பலமாக இழுக்க வேண்டாம், தட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த ஆட்டத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 10-ஆம் நம்பரில் வாய்க்கும் தலைக்கும் நடுவே 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால் ஸ்பேனர் பக்கத்துக்கு சுமார் 1 டிகிரி ஆடும். 120 மி.மீ. தூரத்தில் அது பக்கத்துக்கு 2 மி.மீ., ஆக மொத்தம் 4 மி.மீ. அந்த இடைவெளியே 0.3 மி.மீ. ஆகிவிட்டால் மொத்த ஆட்டம் 12 மி.மீ.க்கு மேல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைப் பிடியே நாற்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது, வெர்னியர் காலிப்பர்கூட வேண்டாம்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. எல்லா ஸ்பேனரையும் அதே போல்ட்டில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 10-ஆம் நம்பர் தலை என்று சொல்லப்படுகிற எம்6 போல்ட், நல்ல தர அளவுப்படியே 9.78-லிருந்து 10.00 மி.மீ. வரை எப்படியும் இருக்கலாம். ஸ்பேனரின் வாயும் சரியாக 10 இருக்காது, இருந்தால் மாட்டவே மாட்டாது, 10-க்கு ஒரு நூலிழை மேலே, 10.2-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஆக, பெரிய வாயும் சிறிய தலையும் சேர்ந்துவிட்டால் இரண்டு பேருமே விதிக்குள் இருந்துகொண்டே 0.4 மி.மீ. இடைவெளி வந்துவிடும். ஒரு போல்ட்டில் ஒரு கம்பெனியையும் இன்னொரு போல்ட்டில் இன்னொரு கம்பெனியையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது போல்ட்டைப் பற்றிய தீர்ப்பாகத்தான் இருக்கும். ஒரு 10, ஒரு 13, இரண்டு புது போல்ட் எடுத்து டப்பாவில் தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், வருஷக்கணக்கில் உதவும்.

அடுத்தது மை சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே போல்ட்டின் தலையில் ஆறு பக்கமும் மார்க்கர் மையைப் பூசிக் காயவிடுங்கள். இப்போது ரிங் பக்கத்தை, அதாவது தலையைச் சுற்றி முழு வளையமாகப் பிடிக்கும் பக்கத்தை, மாட்டி நன்றாக ஒரு இழு இழுத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். மை எங்கே உரிந்திருக்கிறது? சாதாரண ரிங் என்றால் மூலையின் விளிம்பிலேயே பளிச்சென்று ஒரு மெல்லிய கோடு தெரியும். மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் உரிந்திருந்தால், அந்த ஸ்பேனரின் உள்பக்கம் மூலையைத் தொடாதபடி வளைத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் சதைப்பற்றான இடத்தில் விழுகிறது, மூலை தப்பிக்கிறது. ஸ்னாப்-ஆன் கம்பெனி இதை ஃப்ளாங்க் டிரைவ் என்ற பெயரில் பிரபலமாக்கியது, பிரெஞ்சுக் கம்பெனி ஃபாக்காம் ஓஜிவி என்று சொல்கிறது. காப்புரிமைக் காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதால் இன்று நடுத்தரக் கம்பெனிகளும் ஏதோ ஒரு பெயர் வைத்து இதையே செய்கின்றன. அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது இருக்கட்டும், மை பொய் சொல்லாது.

திறந்த வாய்ப் பக்கத்திலும் இதைச் செய்து பாருங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். திறந்த வாய் எப்போதும் எதிரெதிரான இரண்டே மூலைகளைத்தான் பிடிக்கிறது, அதோடு பலமாக இழுத்தால் வாய் கொஞ்சம் விரியவும் செய்கிறது. அதனால்தான் இறுகின போல்ட்டை ரிங்கால் தளர்த்திவிட்டு, அப்புறம் வேகமாகக் கழற்ற மட்டும் திறந்த வாயைப் பயன்படுத்துவது. காம்பினேஷன் ஸ்பேனர் என்று ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் வாய், இரண்டும் ஒரே நம்பரில் வருவது இதற்காகத்தான். இரண்டு பக்கமும் வாய் உள்ள டபுள் எண்ட் ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கற்றவர்கள் நிறையப் பேர், எனக்கு அது ஏற்புடையதில்லை. ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும் என்றால் காம்பினேஷன் வாங்குங்கள்.

ரிங்கில் ஆறு மூலை, பன்னிரண்டு மூலை என்று இரண்டு வகை. கடையில் பெரும்பாலும் கிடைப்பது பன்னிரண்டு, அது 30 டிகிரிக்கு ஒருமுறை எடுத்து மாட்டலாம் என்பதால் நெருக்கடியான இடத்துக்கு வசதி. ஆறு மூலை ரிங்குக்கு 60 டிகிரி இடம் வேண்டும், ஆனால் துருப்பிடித்தது, ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கியது, என் நிப்பிளைப் போலச் சின்னது, இவற்றுக்கெல்லாம் ஆறு மூலைதான். 8-லும் 10-லும் மட்டும் ஆறு மூலையில் ஒன்று தனியாக வைத்திருந்தால் எத்தனையோ தலைவலி மிச்சம். பிரேக் குழாய் நட்டுக்கு என்றே ஒரு பக்கம் வெட்டுவிட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது, குழாயைத் தாண்டி உள்ளே நுழைந்து ஐந்து பக்கத்தைப் பிடிக்கும். பிரேக் வேலை செய்கிறவர்கள் அதை வாங்காமல் தொடவே கூடாது.

திறந்த வாய் பிடியோடு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக இல்லை. ஒருமுறை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் குப்புறப் போட்டு மாட்டினால் அதே இடத்தில் மறுபடி 30 டிகிரி கிடைக்கும், 60 டிகிரி இடம் இல்லாத சந்தில் நட்டைக் கழற்ற இந்தப் புரட்டல்தான் வழி. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அன்றாட ஸ்பேனரில் இந்தச் சாய்வு இருக்கிறதா என்று பாருங்கள். ரிங்கின் சாய்வு வேறு விஷயம். தட்டையான ரிங் ஆழமில்லாத இடத்தில் நுழையும், ஆனால் பலகையோடு பலகையாக இருக்கும் போல்ட்டில் விரல் முட்டியை உரசும். மேலே தூக்கி வளைத்த ரிங் விரலைக் காப்பாற்றும், ஆனால் தலைக்கு மேலே இடம் இல்லையென்றால் நுழையாது. இதில் நல்லது கெட்டது இல்லை, உங்கள் வேலையில் எது அடிக்கடி வருகிறது என்பதுதான்.

தடிமன் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஸ்பேனர் என்றால் கனமாக இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன். இரும்பு சுமாராக இருந்தால்தான் வாயையும் ரிங்கையும் தடியாகச் செய்து ஈடுகட்ட வேண்டும். நல்ல உலோகமும் சரியான பதமும் இருந்தால் ரிங்கின் சுவரை மெல்லியதாகச் செய்தும் தாங்கும். 13-ஆம் நம்பர் ரிங்கை இரண்டு மூன்று கம்பெனிகளில் எடுத்து வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட வேலை செய்யும்போது அது பெரிய வித்தியாசம். கார்புரேட்டர் பக்கத்து நட், சுவரை ஒட்டிய பிராக்கெட் போல்ட், இங்கெல்லாம் தடித்த ரிங் உட்காராது, பாதி உட்கார்ந்த ரிங்கை இழுத்தால்தான் மூலை போகிறது.

நீளமும் அப்படித்தான், நீளமானது நல்லது என்பது பாதி உண்மை. 8.8 தர (8.8 என்பது போல்ட்டின் வலிமையைச் சொல்லும் எண்) எம்8 போல்ட்டை சுமார் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவார்கள், நியூட்டன் மீட்டர் என்பது திருகும் விசையின் அளவு. சாதாரண நீளமுள்ள 13-ஆம் நம்பர் ஸ்பேனரில் போல்ட்டுக்கும் கைக்கும் நடுவே 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 17 கிலோ எடையைத் தூக்குகிற அளவு இழுத்தால் போதும், அது மனுஷனுக்கு இயல்பாக வருகிற இழுப்பு. அதே கையை 300 மி.மீ. நீள ஸ்பேனரில் வைத்து அதே பழக்கத்தில் இழுத்தால் 50 நியூட்டன் மீட்டர், போல்ட் இழுபட்டுவிடும், அலுமினியத்துக்குள் இருந்தால் மரை உருவிக்கொண்டு வரும். எம்6 இன்னும் மோசம், அதற்கு 10 நியூட்டன் மீட்டரே போதும். சின்ன நம்பர் ஸ்பேனரைக் குட்டையாகச் செய்வதற்குக் காரணமே இதுதான். ஆகையால் அன்றாட செட் சாதாரண நீளம், தளர்த்துவதற்காக 13, 14, 17 மட்டும் நீளத்தில் தனியாக ஒன்று, இதுதான் என் ஏற்பாடு.

உலோகம். ஸ்பேனரில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பார்கள். அது இரும்பில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, அதை எப்படிச் சூடேற்றி எப்படிக் குளிரவைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஜெர்மன் கம்பெனிகள் பல 31சிஆர்வி3 என்ற கலவையைப் பயன்படுத்துவதாகத் தங்கள் பட்டியலிலேயே போடுகின்றன. இப்படி எண்ணோடு சொல்வது, ஜெர்மனியின் டிஐஎன் 3113, சர்வதேச ஐஎஸ்ஓ 7738, இந்தியாவின் ஐஎஸ் 2028, ஐஎஸ் 2029 என்று எந்த அளவீட்டு விதிப்படி செய்தோம் என்று சொல்வது, இவையெல்லாம் ஒரு நல்ல அறிகுறி. வெறும் குரோம் வனேடியம் என்ற எழுத்து அறிகுறியே இல்லை.

சிலர் ஸ்பேனரில் அரத்தால் தேய்த்து, அரம் பிடித்தால் மட்டமான இரும்பு என்பார்கள். தப்பு. அரம் ஸ்பேனரைவிட எப்போதுமே கடினம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்பேனரை அரம் அளவுக்குக் கடினமாக்கினால் அது வளைவதற்குப் பதிலாகப் பொட்டென்று உடையும், கை போய்ச் சுவரில் மோதும். அரம் பிடிக்கிறதா என்பதில் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை, முலாம் போனது மட்டும்தான் மிச்சம்.

முலாம் பூச்சில் பளபளப்பா மங்கலா என்பது அவரவர் விருப்பம், எனக்கு எண்ணெய்க் கையில் மங்கலான பூச்சுதான் நன்றாகப் பிடிக்கிறது. பார்க்க வேண்டியது வாயின் உள்பக்கம். அங்கே குமிழ், உரிந்த செதில், திட்டுத்திட்டாகத் தேங்கிய முலாம் இருந்தால் வாங்காதீர்கள். உரிந்த குரோம் செதில் பிளேடு மாதிரி, விரலில் ஏறினால் தெரியும். பிடியின் ஓரத்தை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள், ஓரம் கூராக இருந்தால் அரைமணி வேலையில் கை சிவந்துவிடும். நம்பர் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் 12-ஐயும் 13-ஐயும் மாற்றி மாட்டுவதுதான் மூலை மழுங்குவதற்கு உலகத்திலேயே அதிகமான காரணம் என்று நான் சத்தியம் செய்வேன்.

சரி, நம்பர் என்று வந்ததால், எந்தெந்த நம்பர் வேண்டும் என்பதைச் செட் வாங்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். எம்8 போல்ட்டுக்கு ஐரோப்பிய வண்டியில் 13, ஜப்பானிய வண்டியில் பெரும்பாலும் 12. எம்10 போல்ட்டுக்குப் பழைய டிஐஎன் தலை 17, ஐஎஸ்ஓ தலை 16, ஜப்பானியத்தில் 14. எம்12-க்கு 19, 18, 17. ஆக, ஜப்பானிய வண்டி வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17 இருந்தால் ஏறக்குறைய முடிந்தது, 13-ஆம் 16-ஆம் 18-ஆம் நம்பர்கள் பெட்டியில் தூங்கும். ஐரோப்பிய வண்டிக்காரருக்கு அவைதான் உயிர். அங்குல அளவுள்ள பழைய மெஷினில் மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ., அதற்கு 19 சில நேரம் பொருந்தும். அரை அங்குலம் 12.7, அதற்கு 13-ஐ மாட்டினால் 0.3 மி.மீ. இடைவெளி, மேலே சொன்ன ஆட்டக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கம்பெனிகள். ஜெர்மனியில் ரெம்ஷைட், வுப்பர்டால் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு. ஹாசெட், கெடோரே ரெம்ஷைட்காரர்கள். ஸ்டால்வில்லே, வெரா, நிப்பெக்ஸ் வுப்பர்டால்காரர்கள். ஹாசெட் 1868-இல் தொடங்கிய ஹெர்மன் ட்சேர்வரின் முதலெழுத்துகளை ஜெர்மன் உச்சரிப்பில் சொன்னது, கெடோரே 1919-இல் டோவிடாட் சகோதரர்கள் தொடங்கியது. ஹாசெட், கெடோரே, ஸ்டால்வில்லே என்ற இந்த மூன்று பழைய வீடுகளுக்குள் ஒப்பிட்டால், ஸ்டால்வில்லேயின் காம்பினேஷன் ஸ்பேனரை எடுத்ததும் எடை குறைவாக, ரிங் மெல்லியதாக இருப்பது தெரியும், பிடியின் நடுவே வாய்க்கால் மாதிரி குழித்து எடையைக் குறைத்திருப்பார்கள். நெருக்கடியான வேலைக்கு என் ஓட்டு அதற்குத்தான். கெடோரே கொஞ்சம் முரட்டுத்தனம், அது குறை இல்லை.

அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் 1920-இல் தொடங்கியது. ரிங்கில் ஃப்ளாங்க் டிரைவ், திறந்த வாயில் ஃப்ளாங்க் டிரைவ் பிளஸ் என்று உள்பக்கம் சின்னச் சின்னப் பள்ளங்கள். திறந்த வாயை ரிங் மாதிரி நம்பி இழுக்கும் துணிச்சலை அது கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளங்கள் நட்டில் பல் பதிந்த மாதிரி தடம் விடும், முலாம் பூசிய அழகான போல்ட்டில் அதைப் போட எனக்கு மனசு வராது. தினமும் எட்டு மணி நேரம் ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு அந்த விலை நியாயம், மாதத்துக்கு இரண்டு தடவை பிடிக்கிறவருக்கு அது ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை, தெரிந்தே ஆசைப்படுங்கள்.

ஜப்பானில் கேடிசி, டோன் இரண்டும் பார்க்க வேண்டியவை. கேடிசி கியோட்டோவில் 1950-இல் தொடங்கியது, அவர்களுடைய நெப்ரோஸ் வரிசை மேல்தட்டு, சாதாரண வரிசையே அன்றாட வேலைக்குத் தாராளம். பைக் வேலை அதிகம் செய்கிறவருக்கு இவர்களுடைய செட்டில் 8, 10, 12, 14 என்று வேண்டிய நம்பர்களே அமைவது இன்னொரு வசதி.

டபாரியா, ஸ்டான்லி மாதிரி எங்கும் கிடைக்கிற பெயர்களை மட்டம் என்று ஒதுக்குவது மேட்டிமைத்தனம். அங்கே பெரிய லாபம் என்னவென்றால் ஒற்றை ஸ்பேனர் தனியாகக் கிடைக்கும், தொலைந்த 10-ஆம் நம்பரை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம் (தொலைவது எப்போதும் 10-தான், ஏன் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை). இந்த ரகத்தில் நான் மேலே சொன்ன ஆட்டச் சோதனையை ஒவ்வொன்றுக்கும் செய்து பொறுக்கி எடுத்தால், இரண்டு மூன்று மடங்கு விலையுள்ளதோடு தோள் சேர்க்கிற ஸ்பேனர் அகப்படும்.

பெயர்களுக்குப் பின்னால் யார் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஃபாக்காம் 2006 முதல் ஸ்டான்லி குழுமத்தில், அமெரிக்கர்கள் தாத்தா காலத்திலிருந்து கொண்டாடிய கிராஃப்ட்ஸ்மேன் பெயரையும் 2017-இல் சியர்ஸிடமிருந்து அதே குழுமம் வாங்கிக்கொண்டது. ஆகவே அப்பாவின் பெட்டியில் இருந்த கிராஃப்ட்ஸ்மேன் எப்படி உழைத்தது என்பது, இன்று அட்டையில் தொங்கும் கிராஃப்ட்ஸ்மேனுக்குச் சாட்சி ஆகாது. வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருந்தால், உடைந்த ஸ்பேனரை யாரிடம் கொடுத்தால் யார் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த வார்த்தைக்கு விலை கொடுக்காதீர்கள்.

ராட்செட் ஸ்பேனர் தனி இனம், ரிங்குக்குள் பல்சக்கரம் இருப்பதால் எடுத்து எடுத்து மாட்டாமல் முன்னும் பின்னும் அசைத்தே திருப்பலாம். கியர்ரெஞ்ச் கம்பெனியின் பழகிய மாடலில் 72 பல், அதாவது 5 டிகிரி அசைத்தாலே அடுத்த பல் பிடிக்கும். வெராவின் ஜோக்கரில் 80 பல், அதோடு திறந்த வாய்க்குள் ஒரு பல்வைத்த தகடு நட்டைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். எட்டாத இடத்தில் நட்டைக் கொண்டுபோய் மாட்ட அது அருமை. இவற்றை ஒப்பிடும்போது பல் எண்ணிக்கையைவிடத் தலையின் தடிமனையும் திசை மாற்றும் நெம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நெம்பு இல்லாத வகையில், திசை மாற ஸ்பேனரை எடுத்துக் குப்புறப் போட வேண்டும். ஒருநாள் ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு நீள போல்ட்டை ராட்செட்டால் ஆனந்தமாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். போல்ட் வெளியே வர வர ஸ்பேனரும் கூடவே நகர்ந்து வந்து ரேடியேட்டரில் முட்டியது. போல்ட்டும் முழுசாக வரவில்லை, ஸ்பேனரைத் தலையிலிருந்து உருவவும் இடமில்லை, மறுபக்கம் திருப்பி உள்ளே அனுப்பலாம் என்றால் நெம்பு இல்லை. ரேடியேட்டரைக் கழற்றித்தான் என் ஸ்பேனரை மீட்டேன். முதல் இரண்டு சுற்று ராட்செட்டில், அப்புறம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு பார்வை, இது அன்றிலிருந்து வந்த பழக்கம். இறுகின போல்ட்டின் முதல் இழுப்பையும் சாதாரண ரிங்கில் செய்துவிடுங்கள், பல்லுக்கு ஆயுசு கூடும்.

ஸ்க்ரூ ஸ்பேனரை, அதாவது திருகைச் சுற்றி வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனரை, ஒப்பிட ஒரே கேள்விதான், நகரும் தாடை எவ்வளவு ஆடுகிறது. பாதி திறந்து வைத்து விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இந்தக் கருவியை 1890-களின் தொடக்கத்தில் காப்புரிமை செய்தவர் ஸ்வீடனின் ஜோஹான் பெட்டர் ஜோஹான்சன், அந்த மரபில் வருவது பாக்கோ, இன்றும் அந்தத் தாடை இறுக்கத்தில் அளவுகோல் அதுதான் என்பேன். எதை வாங்கினாலும் நகரும் தாடை இருக்கும் பக்கம் நோக்கித் திருப்புங்கள், அப்போதுதான் பாரம் நிலையான தாடையில் விழும். நிப்பெக்ஸின் பிளையர் ரெஞ்ச் கொஞ்சம் வேறு மாதிரி. பார்க்கப் பிளையர், ஆனால் தாடைகள் வழவழப்பாக, ஒன்றுக்கொன்று இணையாக நகரும், கையின் அழுத்தத்தைப் பத்து மடங்காக்கி இடைவெளியே இல்லாமல் கவ்வும். பிடியைத் தளர்த்திப் பின்னுக்கு இழுத்து மறுபடி கவ்வ வைத்து ராட்செட் மாதிரி வேலை செய்யலாம். என் பெட்டியில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் அதைத்தான் எடுப்பேன், ஆனால் இடம் குறைந்த சந்தில் அது நுழையாது என்பதால் ஸ்பேனர் செட்டுக்கு மாற்று ஆகாது.

வாங்கும் முறை இதுதான். புதிதாக ஒரு கம்பெனி என்றால் முழு செட் வாங்காதீர்கள். அந்த இரண்டு போல்ட்டோடு போய் 10-உம் 13-உம், ஜப்பானிய வண்டி என்றால் 10-உம் 12-உம், ஒற்றையாக வாங்குங்கள். ஆட்டம், மை, ரிங் சுவர், ஓரம், எல்லாம் பார்த்துவிட்டு ஒரு மாதம் வேலை செய்யுங்கள். வாயின் உதடு விரிந்திருக்கிறதா என்று அதே அட்டையில் மறுபடி குறித்துப் பழைய குறியோடு ஒப்பிடுங்கள். குறி மாறாமல் இருந்தால் மீதியை வாங்கலாம். நல்ல பணத்தை 8-லிருந்து 14 வரை போடுங்கள், மூலை மழுங்குவது அந்த அளவுகளில்தான். 22, 24 எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது, நட்டும் பெரிது, சுமாரான ஸ்பேனரே போதும்.

வேலையில் எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள், தள்ள நேர்ந்தால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். பிடியில் பைப்பைச் செருகி நீளமாக்கினால் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. பிடியில் ரப்பர் உறை இருப்பதை மின்காப்பு என்று நினைக்காதீர்கள், அது வெறும் மெத்தை.

சோதனையில் தோற்ற பழைய ஸ்பேனரைத் தூக்கி எறிய வேண்டாம். என் முதல் செட்டின் 13-ஐ கிரைண்டரில் பாதித் தடிமனுக்குத் தேய்த்து, நடுநடுவே தண்ணீரில் நனைத்துச் சூடேறாமல் பார்த்துக்கொண்டு, சைக்கிள் அச்சின் கோன் நட்டைப் பிடிக்கிற மாதிரி மெல்லியதாக்கி வைத்திருக்கிறேன். 14-ஐ வைஸில் வைத்து வளைத்து, ஒரே ஒரு போல்ட்டுக்காக வைத்திருக்கிறேன். அந்த நிப்பிளை உருட்டிய 8 இன்னும் பெட்டியின் அடியில்தான் கிடக்கிறது, பெயின்ட் டப்பா மூடி திறக்க அதைவிட நல்ல கருவி இன்னும் கிடைக்கவில்லை.